தகரக் கூரைக்கடியில் காயாத இலைகள்

அமீரகத்துப் புஜைராவில் ஆகஸ்ட் மாதம் எதுவும் காயாது. முன்னால் கடல், பின்னால் மொட்டை மலை. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஈரம் போக்கிடமில்லாமல் எங்கள் தொழிலாளர் கேம்ப் மேலேயே உட்கார்ந்துவிடும். துவைத்துப் போட்ட பனியன் மறுநாளும் பிசுபிசுக்கும். பெட்டிக்குள் வைத்த தோல் பெல்ட்டில் பச்சையாகப் பூசணம் பூத்திருக்கும். நான் அந்த கேம்ப்பின் ஏசி மெக்கானிக். அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து ஐடிஐ படித்துவிட்டுப் போனவன். கையில் செல்போன் வந்துவிட்டிருந்தாலும் ஊருக்குப் பேச அட்டை வாங்கிச் சுரண்டிக்கொண்டிருந்த காலம் அது.

கேம்ப் என்றால் வரிசை வரிசையாகப் போர்ட்டா கேபின்கள். மேலே தகரக் கூரை, அதற்குக் கீழே ஓர் ஆள் தவழ்ந்து போகும் அளவுக்கு இடைவெளி, அதற்கும் கீழே அட்டை அட்டையாகப் பொருத்திய ஃபால்ஸ் சீலிங். கோடையில் எனக்கு வரும் புகார்களில் பாதி அந்த இடைவெளியிலிருந்துதான் வரும். சீலிங் சொட்டுகிறது, அட்டை ஊறித் தொங்குகிறது, எலி செத்துக் கிடக்கிறது.

ஒருநாள் காலையில் கேம்ப் பாஸ் கூப்பிட்டார். பாலக்காட்டுக்காரர். தமிழில் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசுவார்.

“பின்னாடி லைன்ல கடைசி ரூம் உண்டல்லோ, அவிடே சீலிங் முழுக்கக் கறுப்பு. ஏசி லீக்னு தோணுது. நீ போய் நோக்கு. உன்னால முடியலேன்னா சொல்லு, ஆள விட்டு முழுசும் பிரிச்சுப் போட்டுரலாம்.”

ஏணியைத் தூக்கிக்கொண்டு போனேன். எல்லோரும் டியூட்டிக்குப் போயிருந்தார்கள். அடுக்குக் கட்டில்களில் போர்வைகள் சுருண்டு கிடந்தன. ஒரு கீழ்க்கட்டிலில் மட்டும் ஒருவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். முப்பது வயது இருக்காது. வலது தாடையில் ஈரத்துண்டை அழுத்திப் பிடித்திருந்தான். திரும்பியபோதுதான் வீக்கம் தெரிந்தது. கன்னத்துக்குள் ஓர் எலுமிச்சம்பழத்தை ஒதுக்கியிருப்பதுபோல அந்தப் பக்கம் பளபளவென்று இருந்தது.

“மெடிக்கல் லீவா?” என்றேன்.

தலையை ஆட்டினான். நான் ஏணியை விரித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

“அங்க ஒண்ணும் இல்லண்ணே. விட்ருங்க.”

அவன் வாய் முழுசாகத் திறக்கவில்லை. வாய்க்குள் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுவதுபோலிருந்தது.

“கேம்ப் பாஸ் சொல்லிட்டாரு தம்பி. பாக்காம விட்டா அவரே வருவாரு.”

கறுத்திருந்த அட்டையை மேலே தள்ளி டார்ச் அடித்தேன். முதலில் வாடைதான் வந்தது. ஊறிய சாக்கு வாடை, அதற்கடியில் வேறொரு வாடை. எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் ஆற்றங்கரையில் கூட்டமாக உட்கார்ந்திருக்கும் காவிக்காரர்களைத் தாண்டிப் போகும்போது வருமே, அது. இரும்புச் சட்டத்துக்குச் சட்டம் கட்டுக்கம்பி இழுத்து, அதில் கிளைகளைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். விரல் விரலாக இலைகள். நுனியில் இருந்தவை பழுப்பாகச் சுருங்கியிருந்தன. தண்டோடு ஒட்டிய பகுதிகளில் சாம்பல் நிறத்தில் பஞ்சு படர்ந்திருந்தது.

அட்டையை இழுத்து மூடினேன். ஏணியிலிருந்து இறங்கினேன். அந்த நாட்டில் கஞ்சா ஒரு துணுக்கு சட்டைப்பையில் இருந்தாலே வருடக்கணக்கில் ஜெயில், பிறகு நாடு கடத்தல். அறையில் இருந்த அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். யார் வைத்தது, யாருக்குத் தெரியாது என்பதெல்லாம் பிறகுதான்.

அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“மாமா சாயங்காலம் வருவாரு. அவர்ட்டப் பேசிக்கங்கண்ணே.” பிறகு துண்டை மறுபடி தாடையில் வைத்துக்கொண்டு, “எனக்காகத்தான் வச்சிருக்காரு” என்றான்.

கேம்ப் பாஸிடம், ஏசி பொருத்திய இடத்தில் சந்து இருக்கிறது, குளிர்காற்று மேலே போய் வேர்க்கிறது, சரிபண்ண இரண்டு மூன்று நாளாகும் என்றேன். நான் சொன்னது உண்மைதான். அந்த இடுக்கையும் பார்த்திருந்தேன்.

அந்த மாமா, கேம்ப் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கவரால் உடுப்பைக்கூட மாற்றாமல் என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். பழைய கம்ப்ரெஸர்கள் அடுக்கிய ஒரு கன்டெய்னர்தான் என் ஒர்க்‌ஷாப். நாற்பதைத் தாண்டிய மனிதர். எண்ணெய்த் தொட்டிகளுக்குச் சாரம் கட்டுகிற வேலை. பைப் சுமந்து சுமந்து ஒரு தோள் தாழ்ந்திருந்தது. கீழே கிடந்த மோட்டார் பெட்டிமேல் உட்கார்ந்தார்.

“போலீசுக்குச் சொல்லணும்னா சொல்லிரு தம்பி. ரூம்ல மத்தவங்க பாவம். நாந்தான்னு நானே ஒத்துக்கிறேன்.”

“சொல்றதுன்னா காலையிலயே சொல்லிருப்பேண்ணே. எங்கருந்து வந்துச்சு அது?”

“நான் கொண்டாரல. சத்தியமா கொண்டாரல.”

பக்கத்து வரிசையில் ஒரு பாகிஸ்தானி டிரைவர் கூண்டில் லவ்பேர்ட்ஸ் வளர்த்தான். அவன் கொட்டிவிட்ட தீனியில் கிடந்த விதை, கேபின்களுக்குப் பின்னால் ஏசித் தண்ணீர் சொட்டுகிற இடத்தில் முளைத்திருக்கிறது. அந்தத் தண்ணீரை நம்பித்தான் எங்கள் ஆட்கள் அங்கே டப்பாக்களில் தக்காளியும் புதினாவும் போட்டிருந்தார்கள். அதற்குள் மறைந்து இது வளர்ந்திருக்கிறது. வேறு யாருக்கும் அது என்ன செடி என்று தெரியவில்லை. இவருக்கு முளையிலேயே தெரிந்துவிட்டது.

“தெரியாம இருக்குமா? எங்கய்யா இதுக்காகத்தான ஜெயிலுக்குப் போனாரு.”

தேனிப் பக்கம், மலையடிவாரத்து ஊர். அவர் சின்னவராக இருந்தபோது மலைக்கு மேலே இதைப் பயிர் செய்யாத குடும்பம் குறைவு என்றார். ஒருநாள் போலீஸ் ஏறி வந்து எல்லாவற்றையும் வெட்டிப்போட்டு, தகப்பனாரைச் சட்டையில்லாமல் இறக்கிக்கொண்டு போயிருக்கிறது. திரும்பி வந்த பிறகு அவர் வீட்டைவிட்டு வெளியே வரவே இல்லையாம்.

“இந்தச் செடி மூஞ்சியிலயே முழிக்கக் கூடாதுன்னுதான் இம்புட்டுத் தூரம் வந்தேன். இங்கயும் வந்து மொளைக்குது. மொளைச்ச அன்னைக்கே பிடுங்கியிருப்பேன் தம்பி. மாப்ளைக்கு அப்பத்தான் ஆஸ்பத்திரில சொன்னாங்க.”

மாப்ள என்று அவர் சொன்னது மனைவியின் தம்பியை. விசா எடுத்துக் கூட்டிவந்ததும் அவர்தான். தொட்டிகளுக்குள் இறங்கி மணல் பீய்ச்சித் துரு எடுக்கிற வேலை. பல்வலி என்று மாதக்கணக்கில் மாத்திரை போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறான். பிறகு வீங்கி, சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்து, புற்று என்று சொல்லிவிட்டார்கள். ஊருக்குப் போய் வைத்தியம் பாருங்கள் என்று ஒரு பை மாத்திரையும் கொடுத்து அனுப்பினார்கள். கம்பெனியில், விசா கொடுத்த அரபி முதலாளியான கஃபீல் கோடைக்கு வெளிநாடு போயிருக்கிறார், அவர் வந்து கையெழுத்துப் போட்டால்தான் விசா கேன்சல், அதற்குப் பிறகுதான் பாஸ்போர்ட் என்றார்கள்.

“மாத்திரையெல்லாம் இப்பக் கேக்கல. அடியில கெடந்து தலகாணியக் கடிக்கிறான். மேல் கட்டில்ல படுத்துக்கிட்டு நான் அதக் கேட்டுட்டே இருக்கேன். எங்கூர்ல ஒரு கெழவருக்கு இப்பிடித்தான் வந்துச்சு. இதப் பாலுல போட்டுக் காச்சிக் குடுப்பாங்க. தூங்கிருவாரு. வேற ஒண்ணுக்குமில்ல தம்பி, அவன் தூங்கணும்.”

கையைத் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தார்.

“ஆனா காய மாட்டேங்குது. எங்க மலையில நெழல்ல தொங்கவிட்டா காத்தே பாத்துக்கும். இங்க தொங்கவிட்டா பூசணம் புடிக்குது. நீ ஏசி ஆளு. அந்த ஈரம் எங்கருந்துதான் வருது?”

எனக்கு அது தெரியும். தினமும் அதோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பகலில் தகரம் கொதிக்கும், கீழே அறை குளிர்ந்து கிடக்கும். கடல்காற்று ஓட்டை வழியே உள்ளே போய், குளிர்ந்த அட்டைமேல் பட்டு வேர்க்கும். பொழுது சாய்ந்ததும் தகரமே குளிர்ந்து சொட்ட ஆரம்பிக்கும். அந்த இடத்தில் பருத்தித் துணியையே காயவைக்க முடியாது. அதைத்தான் அவரிடம் சொன்னேன். எடுத்துவிடுங்கள், இது நடக்கிற காரியம் இல்லை என்றும் சொன்னேன்.

“வெள்ளிக்கிழமை வரைக்கும் விடு. லீவு நாளு, ரூம்ல ஆள் இருக்காது. எறக்கிப் பாத்துட்டு எது தேறுதோ வச்சுக்கிறேன். மத்தத அன்னைக்கே ஒழிச்சிர்றேன்.”

மறுநாள் போய் ஏசி ஓரத்து இடுக்கை ஃபோம் அடித்து அடைத்தேன், அலுமினியத் தாள் ஒட்டினேன். எந்த அறையாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அது மேலே தொங்கிக்கொண்டிருந்ததற்குச் செய்த உதவியா இல்லையா என்று யாராவது கேட்டிருந்தால், ஏசி வேலை என்றுதான் சொல்லியிருப்பேன்.

அதற்குப் பிறகு வேலையில்லாத நேரத்தில் அந்த அறைக்குப் போக ஆரம்பித்தேன். கேன்டீனிலிருந்து ஐஸ்கட்டிகளை ஒரு சொம்பில் போட்டு எடுத்துக்கொண்டு போவேன். அவன் ஒவ்வொன்றாகக் கன்னத்தில் வைத்துக்கொள்வான். கரைந்து கழுத்து வழியாக ஓடும். வலி தணிந்த நேரத்தில் பேசுவான். சாப்பாட்டைப் பற்றித்தான் அதிகம் பேசுவான். எந்தக் கடையில் பரோட்டா மெத்தென்று இருக்கும், எந்த கேம்ப் மெஸ்ஸில் மீன் குழம்பு ஊர்மாதிரி இருக்கும் என்றெல்லாம். கஞ்சியே இறங்காதவன்.

ஒருநாள் மேலே கண்ணைக் காட்டி, “அது கசக்குமாண்ணே?” என்றான்.

“எனக்குத் தெரியாதுப்பா. நான் தொட்டதில்ல.”

“நானும்தான். எங்கக்காவுக்குத் தெரிஞ்சா செருப்பால அடிக்கும்.” சிரிக்கப் பார்த்தான். அது பாதியிலேயே வலியாக மாறிவிட்டது. துண்டைக் கவ்விக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

அறையில் மற்றவர்களுக்குத் தெரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். ராமநாதபுரத்துக்காரர் ஒருவர், வயதில் மூத்தவர், பைப் ஃபிட்டர், ஐந்து வேளையும் தொழுகிறவர். ஒருநாள் அவர் தன் பெட்டி படுக்கையைச் சுருட்டிக்கொண்டு முன்வரிசைக்குப் போய்விட்டார். யாரிடமும் காரணம் சொல்லவில்லை. போகும்போது அவன் தலைமாட்டில் நின்று கையேந்தி துஆ கேட்டுவிட்டுத்தான் போனார். வெளியில் என்னைப் பார்த்ததும், “நான் ஒண்ணும் பாக்கல தம்பி. ஆனா எனக்கும் பொம்பளப் புள்ளைக இருக்குல” என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த வாரமே இன்னொன்று நடந்தது. சாயங்காலம் பஸ்ஸை விட்டு ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தபோது வாசலில் இரண்டு சர்க்கார் வண்டிகள் நின்றன. சீருடை போட்டவர்கள் கேம்ப் பாஸுடன் நடந்துகொண்டிருந்தார்கள். முனிசிபாலிட்டி ஆட்கள்தான். சமையல்கூடத்து கேஸ் சிலிண்டர்களைச் சோதிக்க வந்தவர்கள். எனக்கு அது தெரியும். மாமாவுக்குத் தெரியாது. பஸ் படியிலிருந்து இறங்கியவர் வண்டிகளைப் பார்த்ததும், நின்ற இடத்திலேயே மணலில் உட்கார்ந்துவிட்டார். நான் ஓடிப்போய், “சிலிண்டர் பாக்க வந்தவங்கண்ணே” என்று காதில் சொன்னேன். கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினேன். “எங்கய்யாவ இப்பிடித்தான் ரெண்டு வண்டியில வந்து…” என்றபடி உடுப்பில் ஒட்டிய மணலைத் தட்டினார்.

வெள்ளிக்கிழமை மதியம் கேம்ப் காலியாகிவிடும். பாதிப்பேர் டவுனுக்கு, பாதிப்பேர் மைதானத்துக்குக் கிரிக்கெட் ஆட. நான் கதவை உள்ளே தாழிட்டு ஏணியைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஏறினார். கம்பிகளை வெட்டி ஒவ்வொரு கிளையாகக் கீழே கொடுத்தார். நான் வாங்கி, தரையில் விரித்திருந்த பேப்பரில் வைத்தேன்.

கையில் வாங்கும்போதே தெரிந்துவிட்டது. காய்ந்த இலைக்கு ஒரு சத்தம் உண்டு. இது சத்தமே போடவில்லை. ஈரத்துணிபோலக் கையில் குழைந்தது. அவர் இறங்கிவந்து சம்மணம் போட்டு உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்தார். வெளிப்பக்கம் நன்றாக இருந்ததைப் பிளந்தால் உள்ளே சாம்பல் பூத்திருந்தது. அதைத் தள்ளிவிட்டு அடுத்ததைப் பிளந்தார். அதுவும் அப்படியே. சின்ன வயதில் பழகிய கைகள். என்ன வேகமாக ஓடின! ஆனால் ஒதுக்கிய குவியல்தான் ஏறிக்கொண்டே போனது. நல்லது என்று எடுத்துவைத்த பக்கத்தில் கடைசியில் ஒரு கைப்பிடி இருந்தது. ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் அதையும் முகர்ந்து பார்த்தார். திரும்பி வந்து அதையும் குவியலில் போட்டார்.

கட்டிலில் உட்கார்ந்து அவன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஏன் மாமா, அது நல்லாத்தான இருக்கு?”

“இல்லடா. உள்ள எறங்கிருச்சு.”

“கொதிக்க வச்சா போயிராதா?”

“போகாதுடா மாப்ள. எங்கூர்ல ஒருத்தன் பூசணம் புடிச்சத எடுத்துக்கிட்டு நெஞ்சு அடைச்சு, ரத்தமா இருமிச் செத்தான். நான் கண்ணால பாத்திருக்கேன்.”

அவன் அந்த வீங்கிய வாயால், ஒவ்வொரு சொல்லாக, தெளிவாகச் சொன்னான்.

“குடு மாமா. சாகப்போறவனப் பூசணம் என்ன செய்யும்?”

அந்த அறையில் அந்த வார்த்தையை அதுவரை யாரும் சொன்னதில்லை. ஊருக்குப் போனால் சரியாகிவிடும், மதுரையில் பெரிய டாக்டர் இருக்கிறார் என்றே எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோம். அவர் எழுந்தார். கையை ஓங்கியேவிட்டார். ஓங்கிய கை அவன் தலைக்குமேல் அப்படியே நின்றது, பிறகு அவருடைய நெற்றியில் அடித்துக்கொண்டது. பேப்பரோடு எல்லாவற்றையும் சுருட்டி ஒரு சிமென்ட் பையில் திணித்துக்கொண்டு வெளியே போனார்.

கழிவுத்தொட்டி மூடியை நான்தான் நெம்பிக் கொடுத்தேன். பையைப் பிரித்து உள்ளே கொட்டினார். பின்பக்கம் போய், புதினாவுக்கு நடுவில் மிச்சமிருந்த தண்டுகளை வேரோடு பிடுங்கி அதையும் போட்டார். அங்கேயே ஏசி சொட்டும் தண்ணீரில் கையைக் கழுவினார். மறுபடி கழுவினார். அவர் அழுததை நான் பார்க்காததுபோல மூடியைச் சரியாகப் பொருத்துவதில் இருந்தேன்.

அதிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சில்லை. அவர் வருவார், ஐஸ் வைப்பார், கஞ்சி ஊட்டுவார், துணி மாற்றுவார். பேச மாட்டார். அவனும் சுவரைப் பார்த்தே கிடப்பான். வலி மட்டும் நாளுக்கு நாள் கூடிக்கொண்டிருந்தது. ஒரு காலையில் ஐஸ் கொண்டுபோனபோது அவன் தலையைக் கட்டில் இரும்பில் மெதுவாக மோதிக்கொண்டிருந்தான். எனக்குப் பொறுக்கவில்லை. கம்பெனியில் சர்க்கார் காரியங்களைப் பார்க்கும் மந்தூபிடம் போய், வண்டி கொடு, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றேன். “புக்ரா, புக்ரா” என்றான், நாளை பார்க்கலாம் என்று. மெயின்டனன்ஸ் பிக்கப்பின் சாவி என்னிடம் இருந்தது. பின்னால் கேஸ் சிலிண்டரும் செம்புக் குழாய்களும் உருள, அவனை முன்சீட்டில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப்போனேன்.

எமர்ஜென்சியில் ஓர் இலங்கைத் தமிழ் நர்ஸ் இருந்தார். எங்கள் பேச்சைக் கேட்டுப் பக்கத்தில் வந்தவர், துண்டை விலக்கிப் பார்த்துவிட்டு டாக்டரைக் கூட்டிவந்தார். ஊசி போட்டார்கள். கொஞ்சநேரத்தில் அவன் நெற்றிச் சுருக்கம் விரிந்தது. அவனுக்கு அப்படி ஒரு முகம் இருந்ததே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

“ஏன் தம்பி இவ்வளவு நாளும் கொண்டுவரேல்ல?” என்று அந்த அம்மா என்னைக் கேட்டார். “நோவு தாங்கேலாட்டி எந்த நேரமும் கொண்டுவரலாம்தானே. ஊசி போட்டு விடுவினம்.”

“மாத்திரை குடுத்து ஊருக்குப் போகச் சொல்லிட்டாங்க சிஸ்டர். வரலாம்னு யாரும் சொல்லல.”

“ஒருத்தரும் சொல்லேல்லையோ?” என்றவர், அவன் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் மாமாவிடம் இதைச் சொன்னேன். தொட்டித் துருவும் வேர்வையுமாக நின்றவர், “கேட்டிருந்தா குடுத்திருப்பாங்களா?” என்றார். “கேட்டிருந்தா குடுத்திருப்பாங்க” என்றேன். தலையை ஆட்டிக்கொண்டே அறைக்குள் போனார். வெகுநேரம் கவரால்கூடக் கழற்றாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

அதன் பிறகு அநேகமாகத் தினமும் போனோம். கேம்ப் பாஸ் வண்டியைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் அவர் செய்த உதவி. ஒருநாள் திரும்பும்போது, கடலைப் பார்க்க வேண்டும் என்றான். கார்னிஷ் என்கிற கடலோரச் சாலையில் நிறுத்தினேன். வெயிலில் கண்ணெட்டும் தூரம்வரை எண்ணெய்க் கப்பல்கள் நங்கூரம் போட்டு நின்றன. ஐஸ்கிரீம் வாங்கித் தரச் சொன்னான். வாங்கிவந்து மரக்கரண்டியால் ஊட்டினேன். கொஞ்சம் உள்ளே போனது, மிச்சம் தாடையில் வழிந்தது. அவனுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை.

“மாமாகிட்ட அன்னைக்கு அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாதுண்ணே.”

“வலியில சொன்னதுதான.”

“அதுக்கில்ல. எனக்கு ஒண்ணுன்னா எங்கக்கா மூஞ்சியப் பாத்து அவருதான சொல்லணும். நான் போயிருவேன். அவரு அங்க போய் நிக்கணுமே.”

ஐஸ்கிரீம் கப்பைச் சுரண்டிக் கடைசியாக இருந்ததையும் ஊட்டினேன்.

அன்று அறைக்குத் திரும்பியதும் அவன்தான் முதலில் பேசினான். “மாமா, இன்னைக்கு ஐஸ்கிரீம் தின்னேன்” என்றான். அவர் கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றுகொண்டு, “என்னா ஐஸ்கிரீம்டா?” என்றார். அவ்வளவுதான். பேச்சு வந்துவிட்டது.

செப்டம்பர் பிற்பகுதியில் கஃபீல் வந்தார், கையெழுத்துப் போட்டார். டிக்கெட் ஒருவனுக்கு மட்டும்தான் கொடுத்தார்கள். கூடவே போக மாமா லீவு கேட்டார். தொட்டி வேலை முடியாமல் யாருக்கும் லீவு கிடையாது என்றார்கள். வேலையையே விட்டுவிட்டுப் போகிறேன் என்றதற்கு, கான்ட்ராக்ட் முடியாமல் பாஸ்போர்ட் வராது, கலாஸ், பேச்சு முடிந்தது என்றார்கள். துபாய் ஏர்போர்ட்டுக்கு நான்தான் ஓட்டினேன். மலைப்பாதை முழுக்க அவன் அவர் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்தான். முதலில் ஆஸ்பத்திரியில் நிறுத்தி ஊசி போட்டுத்தான் கிளம்பியிருந்தோம்.

சக்கர நாற்காலி வந்தது. தள்ளுகிறவன் அவசரப்பட்டான். அவர் குனிந்து அவன் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தார், துண்டைக் கழுத்தில் சுற்றிவிட்டார். “அக்கா வந்து நிக்கும். அழுதா நீயும் அழுகாத. வாயி புண்ணாயிரும்” என்றார். அவன் அவர் கையைப் பிடித்துத் தன் நல்ல கன்னத்தில் வைத்துக்கொண்டான். பிறகு நாற்காலி திரும்பிவிட்டது. கண்ணாடிக்கு அப்பால் தலை மட்டும் கொஞ்சதூரம் தெரிந்தது.

தீபாவளிக்கு முன்பே ஊரில் அவன் இறந்துபோனான். சாரத்தின் உச்சியில் நின்றுகொண்டிருந்தபோது அவருக்குப் போன் வந்ததாம். இறங்கிவந்து ஃபோர்மேனிடம் சொல்லிவிட்டு, ஷிஃப்ட் முடியும்வரை பஸ்ஸுக்குள் தனியாக உட்கார்ந்திருந்தார் என்று கூட வேலை செய்தவர்கள் சொன்னார்கள்.

மறுநாள் கார்டு சுரண்டி வீட்டுக்குப் பேசினார். ஒர்க்‌ஷாப் வாசலில் நின்றுதான் பேசினார். போனின் சத்தம் அதிகம். அந்தப் பக்கம் அவர் மனைவியின் குரல் எனக்கும் கேட்டது. அழுது முடித்துவிட்டுக் கேட்டார்.

“கடைசியில இங்க துடிச்சான்ங்க. பாக்க முடியல. அங்கயாவது வலியில்லாம வச்சிருந்தீகளா?”

அவர் என்னைப் பார்த்தார். நான் கீழே பார்த்துக்கொண்டேன்.

“வச்சிருந்தோம்” என்றார். “ஆஸ்பத்திரிக்குத் தெனமும் போனோம். நல்ல மருந்து. ஊசி போட்டதும் தூங்கிருவான்.”

“ஆரம்பத்துல இருந்தேவா?”

“ஆமா. ஆரம்பத்துல இருந்தே.”

கார்டில் நிமிடம் தீர்ந்து லைன் தானாக அறுந்தது. அவர் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றார். நான் பிளாஸ்கிலிருந்து சுலைமானி டீ ஊற்றிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை.

தொட்டி வேலை முடிந்து ஜனவரியில் அவருக்கு லீவு கிடைத்தது. திரும்பி வரவில்லை. கம்பம் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்தில் பந்தல் கட்டுகிற வேலைக்குப் போகிறார் என்று யாரோ சொன்னார்கள். அந்த அறையில் புதிதாக வந்த ஆட்களைப் போட்டார்கள். அடுத்த கோடைக்கு முன்பே எனக்கு ஓமனில், சோஹாரில் வேலை கிடைத்து அங்கே போய்விட்டேன். அந்த ஊரிலும் கடல்தான், ஈரம்தான், அதே புகார்கள்தான். ஏணியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு அறையாகப் போய்க்கொண்டிருந்தேன்.